லின்சீட் ஆயில், வார்னிஷ், எனாமல்: எப்படிக் காயுது, ஏன் காயமாட்டேங்குது (கேள்வி பதில்)

மதுரை வில்லாபுரத்துல எங்க பட்டறை. பழைய தேக்குக் கதவு, நிலை, ஊஞ்சப்பலகை இதெல்லாம் சொரண்டிச் சுத்தம் பண்ணி எண்ணெய் ஏத்திக் குடுக்குற வேலை. வர்றவங்க, போன்ல கேக்குறவங்க, கூட வேலை பாக்குற பாலிஷ்காரத் தம்பிங்கன்னு எல்லாரும் சுத்திச் சுத்தி ஒரே சந்தேகத்தத்தான் கேக்குறாங்க, அதுனால அவங்க கேட்ட வார்த்தையிலயே எழுதி பதிலும் போட்டிருக்கேன். மேல இருந்து வரிசையா படிங்க, பின்னாடி வர்ற பதில் பூராவும் மொத மூணு பதிலத்தான் நம்பி இருக்கு.

லின்சீட் ஆயில் காயுதுன்னா என்ன அர்த்தம்ணே, தண்ணி மாதிரி ஆவியாப் போயிருமா?

போகாது. தண்ணியும் தின்னரும் காயுறது ஆவியாகித்தான். ஆனா ஆளிவிதை எண்ணெய்ங்குற இந்த லின்சீட் ஆயில் காத்துல இருக்குற ஆக்சிஜனை உள்ள இழுத்து, அது கூட வினை புரிஞ்சு, எண்ணெயா இருந்தது கெட்டியான பிலிமா மாறிருது. மரத்துல தடவுனது முக்காவாசி அங்கயேதான் இருக்கு, ரூபம்தான் மாறியிருக்கு.

சந்தேகமா இருந்தா நகைக்கடைத் தராசு மாதிரி நுணுக்கமான தராசு கெடச்சா ஒரு கண்ணாடித் துண்டுல மெல்லிசா தடவி எடை போட்டுப் பாருங்க. காயக் காய எடை ஏறும். நூத்துக்குப் பத்துப் பங்குக்கு மேல கூட ஏறும், அப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமா குறையும். காயுறப்ப எடை கூடுதுங்குற இந்த ஒரு விஷயம் மனசுல பதிஞ்சிருச்சுன்னா கீழ உள்ள பாதிக் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிருவீங்க.

அப்ப தேங்காயெண்ணெய் மட்டும் ஏன் வருஷக்கணக்கா காயாம அப்படியே இருக்கு?

எண்ணெய் எதுவா இருந்தாலும் அடிப்படை ஒண்ணுதான், ஒரு கிளிசரால், அதுல மூணு கொழுப்பு அமிலச் சங்கிலி. வித்தியாசம் அந்தச் சங்கிலில எத்தன இரட்டைப் பிணைப்பு இருக்குங்குறதுல. தேங்காயெண்ணெய்ல கிட்டத்தட்ட இல்லவே இல்ல. ஆளிவிதைல பாதிக்குப் பாதி லினோலெனிக் அமிலம், அதுல ஒரு சங்கிலிக்கு மூணு இரட்டைப் பிணைப்பு. ஆக்சிஜன் வேலை காட்டுறது அந்த இடத்துலதான்.

இத அளக்க அயோடின் எண்ணுன்னு ஒண்ணு வெச்சிருக்காங்க, 100 கிராம் எண்ணெய் எத்தன கிராம் அயோடினப் புடிக்குதுங்குற கணக்கு. தேங்காயெண்ணெய்க்கு 10 பக்கம், கடலெண்ணெய்க்கு 90 பக்கம், நல்லெண்ணெய்க்கு 110 பக்கம், சூரியகாந்திக்கு 120லருந்து 140, ஆளிவிதைக்கு 170க்கு மேல. சுமாரா 130 தாண்டுனாத்தான் நல்லா காயுற ஜாதின்னு வெச்சுக்கலாம். நடுவுல இருக்குறது பாதி காஞ்சு பாதி காயாம நிக்கும். அடுப்பங்கரைல சூரியகாந்தி எண்ணெய் பாட்டில் கழுத்துல, எக்ஸாஸ்ட் ஃபேன் றெக்கைல ஒரு மஞ்சப் பிசின் ஒட்டிக்கிட்டு எது போட்டுத் தேச்சாலும் போகாதுல்ல, அது அழுக்கு மட்டுமில்ல, காய ஆரம்பிச்ச எண்ணெய்.

கெமிஸ்ட்ரி எனக்குப் புரியும், உள்ள என்ன நடக்குதுன்னு வெளக்கமாவே சொல்லுங்க.

ரெண்டு இரட்டைப் பிணைப்புக்கு நடுவுல மாட்டிக்கிட்ட ஒரு கார்பன் இருக்கும், அதுல ரெண்டு ஹைட்ரஜன். அந்த ஹைட்ரஜன் ரொம்ப லேசா கழண்டுரும். கழண்டதும் அங்க ஒரு ஃப்ரீ ரேடிக்கல், அதாவது ஜோடியில்லாத எலக்ட்ரானோட சேர ஆள் தேடிக்கிட்டு நிக்குற துண்டு, உருவாகும், அதுல ஆக்சிஜன் வந்து ஒட்டி பெராக்ஸி ரேடிக்கல் ஆகும், அது பக்கத்துச் சங்கிலிலருந்து ஒரு ஹைட்ரஜனப் புடுங்கி தான் ஹைட்ரோபெராக்சைடா மாறிக்கும், ஹைட்ரஜனப் பறிகொடுத்த சங்கிலி இப்ப ரேடிக்கல் ஆயிருச்சா, மறுபடி அதே கதை. ஹைட்ரோபெராக்சைடும் சும்மா இருக்காது, உடைஞ்சு புது ரேடிக்கல்களக் குடுக்கும், அதுங்க ஒண்ணோட ஒண்ணு சேரும்போது சங்கிலிக்கும் சங்கிலிக்கும் பாலம் விழும், சிலது ஆக்சிஜன் வழியா, சிலது நேரடியா கார்பனுக்குக் கார்பன். இப்படி எல்லாப் பக்கமும் பாலம் விழுந்து மொத்தமும் மீன்வலை மாதிரி பின்னிக்கிச்சுன்னா அதான் காஞ்ச பிலிம். அதுக்கப்புறம் டர்பன்டைன் ஊத்துனாலும் கரையாது, கொஞ்சம் ஊறும், அவ்வளவுதான்.

நடுவுல மாட்டுன அந்தக் கார்பன் ஒரே இரட்டைப் பிணைப்பு உள்ள ஓலிக் அமிலத்துல இல்ல, ரெண்டு உள்ள லினோலிக்ல ஒண்ணு இருக்கு, மூணு உள்ள லினோலெனிக்ல ரெண்டு. அதுனாலதான் ஓலிக்க விட லினோலிக் பத்து மடங்குக்கு மேல வேகமா ஆக்சிஜன் எடுக்குது, லினோலெனிக் அதுக்கும் ஏறக்குறைய ரெண்டு மடங்கு. எண்ணெய் தடவுன ரூம்ல ரெண்டு மூணு நாளைக்கு ஒரு பச்சை வாசம் அடிக்குமே, அது சங்கிலி உடையும்போது வர்ற சின்னச் சின்ன ஆல்டிஹைடுகளோட வாசம்.

கடைல ரா, பாயில்டு, டபுள் பாயில்டுன்னு மூணு சொல்றாங்க, எத வாங்கட்டும்?

ரா ஆயில் பச்ச எண்ணெய், ஒரு கோட்டு காயவே பல நாள் இழுக்கும். பாயில்டு ஆயில் அந்தக் காலத்துல நெசமாவே ஈய ஆக்சைடு மாதிரி உலோகச் சரக்கப் போட்டுக் காய்ச்சுன எண்ணெய். இப்ப நெறைய இடத்துல லேசா சூடு பண்ணி, சீக்கிரம் காய வைக்குற டிரையர்ங்குற சரக்கக் கலந்து விக்குறாங்க, பழைய பேரு அப்படியே நின்னுருச்சு. டபுள் பாயில்டுங்குறதுக்கு கம்பெனிக்குக் கம்பெனி அர்த்தம் மாறுது, அதுனால டப்பால காயுற நேரம் என்ன போட்டிருக்குன்னு பாத்து வாங்குங்க.

வீட்டுக் கதவு, நிலைக்கு பாயில்டு வாங்கலாம். சப்பாத்திப் பலகை, மரக்கரண்டி மாதிரி சாப்பாடு படுற சாமானுக்கு டிரையர் கலக்காத ரா ஆயில் மட்டும்தான், எத்தன வாரம் ஆனாலும் பொறுத்துக்கங்க.

டிரையர்னா என்ன, இன்னும் கொஞ்சம் ஊத்துனா இன்னும் வேகமா காயுமா?

கோபால்ட், மாங்கனீஸ், சிர்கோனியம், கால்சியம் இதுகளோட சோப்புதான் டிரையர், எண்ணெய்ல கரையுற மாதிரி பண்ணது. மேல சொன்ன ஹைட்ரோபெராக்சைட சட்டுனு உடைக்குறதுதான் கோபால்ட்டோட வேலை. ஆக்சிஜன் மேல்பக்கமா வர்றதால கோபால்ட் மேல் தோலத்தான் மொதல்ல காய வைக்கும். உள்பக்கம் காய சிர்கோனியம் வேணும், முன்ன அந்த எடத்துல ஈயம் இருந்துச்சு.

தேவைப்படுற அளவு ரொம்பக் கொஞ்சம், கோபால்ட் உலோகமா கணக்குப் பண்ணா எண்ணெய் எடைல ஆயிரத்துல ஒரு பங்கு கூட வேண்டாம். அதிகமா ஊத்துனா அடுத்த கேள்விதான் நடக்கும். காஞ்சப்புறமும் அந்த உலோகம் பிலிமுக்குள்ளயே இருந்து வேலை பாத்துக்கிட்டே இருக்கும், அதுனால டிரையர் ஜாஸ்தியான பிலிம் சீக்கிரமே நொறுங்கும். பாயில்டு ஆயில்ல திரும்ப டிரையர் ஊத்தாதீங்க.

கெட்டியா ஒரே கோட்டா அடிச்சேன், மேல சுருக்கம் சுருக்கமா விழுந்துருச்சு, ஏன்?

மேல் தோல் காஞ்சுருச்சு, உள்ள இன்னும் எண்ணெய். மேல் தோல் ஆக்சிஜன எடுத்து விரியுது, அடில புடிமானம் இல்ல, சுருங்கி மடிஞ்சு நிக்குது. அந்தத் தோலே உள்ள ஆக்சிஜன் போறதயும் தடுத்துரும், அதுனால மாசக்கணக்குல விட்டாலும் உள்ள மெத்து மெத்துன்னுதான் இருக்கும். சொரண்டி எடுத்துட்டு மறுபடி அடிக்குறதத் தவிர வழியில்ல.

எண்ணெயத் தடவி, கால் மணி அரை மணி நேரம் ஊற விட்டு, மரம் குடிக்காம மேல நிக்குறதப் பூரா துணியால துடைச்சு எடுத்துருங்க. கை வெச்சா ஈரம் தெரியக்கூடாது. இப்படி நாலஞ்சு கோட்டு. கஸ்டமருக்கு என்னடா தடவுனத எல்லாம் துடைக்குறான்னு தோணும், பரவால்ல.

மெல்லிசாத்தான் தடவுனேன், ஒரு வாரமாச்சு, இன்னும் பிசுபிசுன்னு ஒட்டுது.

மொதல்ல எண்ணெயச் சந்தேகப்படுங்க. வேற மலிவு எண்ணெய் கலந்திருந்தா அது காயவே காயாது. வாங்கும்போதே கொஞ்சத்த கண்ணாடில தடவி வெச்சுப் பாத்துட்டா நிம்மதி. ரெண்டாவது காத்தோட்டம், பூட்டுன ரூம்ல காயாது, ஆக்சிஜன் வரணும்.

மூணாவது மரம். ஈட்டி மரத்துல இருக்குற பீனால் வகை சரக்குங்க அந்த ரேடிக்கல் சங்கிலிய நடுவுலயே அறுத்து விட்டுரும், எண்ணெய் எம்புட்டு நல்லதா இருந்தாலும் பிசுபிசுப்பு நிக்கும். தேக்குலயும் கொஞ்சம் இந்தக் குணம் உண்டு. தின்னர்ல நனைச்ச துணியால மரத்த நல்லா துடைச்சுட்டு அது ஆவியானதும் உடனே மொத கோட்ட அடிங்க. ஏற்கனவே பிசுபிசுத்து நிக்குறத டர்பன்டைன் போட்டுத் துடைச்சு எடுத்துட்டு, வெளிச்சமும் காத்தும் படுற எடத்துல வைங்க.

டர்பன்டைன் நெறைய கலந்தா சீக்கிரம் காஞ்சுரும்னு பெயின்டர் சொல்றாரே?

கோட்டு மெல்லிசாகும், மரம் நல்லா குடிக்கும், அதுவரைக்கும் சரி. டர்பன்டைன் ஆவியாப் போனதும் மிச்சம் நிக்குற எண்ணெய் அதே வேகத்துலதான் ஆக்சிஜன் எடுக்கும். மொத கோட்டுக்கு மட்டும் பாதிக்குப் பாதி கலந்துக்கங்க.

வேலைய சித்திரைல வெச்சுக்கவா, ஐப்பசில வெச்சுக்கவா?

நம்மூர்ல சந்தேகமே வேண்டாம், பங்குனி சித்திரை. சூடு ஏறுனா வினை வேகமாகும், வெளிச்சமும் ஹைட்ரோபெராக்சைட உடைக்கும். ஐப்பசி கார்த்திகை மழைல ஈரமும் மப்புமா இருக்கும், காயுற நேரம் கண்ணு முன்னாடியே ரெட்டிப்பாகும், மேல பூஞ்சணமும் வரும். ஆனா உச்சி வெயில்ல கதவ நேரா சாத்தி வெச்சு அடிக்காதீங்க, மேல் தோல் பட்டுனு காஞ்சு அந்தச் சுருக்கம் கதைல போய் நிக்கும். நெழல்ல வெச்சு, காத்து மட்டும் ஓடட்டும்.

கீழமாசி வீதிப் பக்கம் மளிகைக்கடைல ஆளிவிதை கெடைக்குது, செக்குல ஆட்டித் தடவலாமா?

தடவலாம், அதுவும் ரா ஆயில்தான். செக்கு எண்ணெய்ல பசை மாதிரி கசடும் வைட்டமின் ஈயும் இருக்கும். வைட்டமின் ஈ ஆக்சிஜன் வினையத் தடுக்குற பொருள், சாப்புட நல்லது, காயுறதுக்குத் தடை. சில வாரம் தெளிய விட்டு மேலாப்ல இருக்குறத எடுத்துக்கங்க. மாத்திரையாவும் பாட்டிலாவும் விக்குற சாப்பாட்டு ஆளிவிதை எண்ணெய் கெட்டுப்போகாம இருக்க கூடுதலா தடுப்புச் சரக்கு போட்டிருப்பாங்க, அது வேண்டாம்.

ஆமணக்கெண்ணெய் காயாதுன்னு சொல்றாங்க, ஆனா பெயின்ட் டப்பாக்குள்ள ஆமணக்குதான் இருக்குன்னு சொல்றாங்களே?

ரெண்டும் உண்மை. ஆமணக்கெண்ணெய்ல பத்துக்கு ஒம்பது பங்கு ரிசினோலிக் அமிலம், அதுல ஒரே ஒரு இரட்டைப் பிணைப்பு, பக்கத்துல ஒரு ஹைட்ராக்ஸில். அயோடின் எண் 85 பக்கம்தான், அப்படியே தடவுனா காயாது. ஆனா அமில வினையூக்கி போட்டு இருநூறு டிகிரிக்கு மேல சூடேத்துனா அந்த ஹைட்ராக்ஸில் ஒரு தண்ணி மூலக்கூறா வெளிய போகும், அந்த எடத்துல ரெண்டாவது இரட்டைப் பிணைப்பு உருவாகும். காயாத எண்ணெய் காயுற எண்ணெயா மாறிருச்சு! இத நீர்நீக்கிய ஆமணக்கெண்ணெய்ன்னு சொல்வாங்க. உலகத்துலயே ஆமணக்கு அதிகமா விளையுறது நம்ம நாட்டுல, குஜராத்துலதான் பெரும்பகுதி, அதுனால நம்ம பெயின்ட் கம்பெனிங்களுக்கு இது தோதான சரக்கு. இதுல லினோலெனிக் இல்லாததால மஞ்சளடிக்குறதும் கம்மி.

எனக்கு இந்தத் துறைல ரொம்பப் புடிச்ச வினை இதுதான். நம்ம கொல்லைல தானா மொளைக்குற செடியோட எண்ணெய், ஒரு தண்ணி மூலக்கூற எடுத்துட்டா வார்னிஷ் ஆகுது.

அப்ப கைமரத்துக்குத் தடவுற முந்திரி எண்ணெய்?

அது கொழுப்பு எண்ணெயே இல்ல. முந்திரிக் கொட்டையோட தோட்டுலருந்து வர்ற பீனால் வகை திரவம், அனகார்டிக் அமிலம், கார்டனால் இதெல்லாம். அதுலயும் வால்ல இரட்டைப் பிணைப்பு இருக்கு, அதுனால கருப்பா காஞ்சு கெட்டியாகும். பூச்சிக்கும் ஆகாது, அதான் ஓட்டு வீட்டுக் கைமரத்துக்கும் விட்டத்துக்கும் தடவுவாங்க. பச்சையா கைல பட்டா கொப்புளம் போட்டுரும், கிளவுஸ் இல்லாம தொடாதீங்க. லின்சீட்டுக்கு இந்தப் பூச்சி தடுக்குற குணம் கிடையாது, கரையானுக்குன்னு லின்சீட் தடவுறது காசுக்குத்தான் நட்டம்.

வார்னிஷ், எனாமல், பிரெஞ்சு பாலிஷ் எல்லாம் ஒரே ஜாதியா?

வார்னிஷ்ங்குறது காயுற எண்ணெய்ல பிசின் போட்டுக் காய்ச்சுனது, பளபளப்பும் கெட்டித்தன்மையும் பிசின்லருந்து வருது. நீங்க வாங்குற சாதா எனாமல்ல இருக்குறது ஆல்கிட், அதாவது எண்ணெயோட கொழுப்பு அமிலத்த பாலியெஸ்டர் முதுகெலும்புல கோத்தது, 1920கள்ல வந்தது. மொதல்ல தின்னர் ஆவியாகும், தொட்டா ஒட்டாது. அப்புறம் மூணாவது பதில்ல சொன்ன அதே ஆக்சிஜன் வேலை பல நாள் நடக்கும். அதான் சாயங்காலம் காஞ்ச மாதிரி தெரியுற கதவுல மறுநாள் நகம் பதியுது.

பிரெஞ்சு பாலிஷ் வேற ஜாதி. அரக்க ஸ்பிரிட்ல கரைச்சது, ஸ்பிரிட் ஆவியானா முடிஞ்சது, எந்த வினையும் இல்ல. பழைய சாமான் எங்ககிட்ட வந்தா, கண்ணுக்குத் தெரியாத மூலைல ஸ்பிரிட் தொட்ட பஞ்ச ஒரு நிமிஷம் வெச்சு எடுப்போம். பஞ்சுல செவப்பா பழுப்பா கறை ஏறி, மரம் பிசுக்குனு ஒட்டுனா அரக்கு. ஒண்ணும் ஆகலன்னா எண்ணெய் வார்னிஷ், இல்ல அதுக்கப்புறம் வந்த பூச்சு.

டப்பால பாதி மிச்சம் வெச்சேன், மேல ஏடு கட்டிருச்சு, கலக்கி யூஸ் பண்ணலாமா?

கலக்காதீங்க. அது காஞ்ச பிலிம், திரும்பக் கரையாது. ஓரத்துல கத்தியால அறுத்து முழுசா தூக்கிட்டு, மிச்சத்த மெல்லிய துணில வடிகட்டிக்கங்க. டப்பாவுக்குள்ள காத்து இருக்குற வரைக்கும் ஏடு கட்டும், அதுனால சின்ன பாட்டிலுக்கு மாத்தி கழுத்து வரைக்கும் ரொப்பி மூடி வைங்க.

சாமி ரூம் கதவுக்கு வெள்ளை எனாமல் அடிச்சோம், மஞ்சளாப் போச்சு. சாம்பிராணிப் புகையா?

புகையும் இருக்கலாம், துடைச்சுப் பாருங்க, வந்தா புகை. வரலைன்னா பிலிமே மஞ்சளாகியிருக்கு. லினோலெனிக் அதிகமா இருக்குற எண்ணெய் இருட்டுல மஞ்சளடிக்கும், வெளிச்சத்துல அது ஓரளவு வெளுத்துரும். அலமாரிக்குள்ள, கதவோட உள்பக்கம், சாமி படத்துக்குப் பின்னாடி மட்டும் மஞ்சளா இருந்தா இதுதான் காரணம். கதவக் கழட்டி சில நாள் நல்ல வெளிச்சத்துல வெச்சா கொஞ்சம் தெளியும்.

எண்ணெய்த் துணி தானாவே தீப்பிடிக்கும்னு சொல்றீங்களே, நெசமா, இல்ல பயமுறுத்துறீங்களா?

நெசம். இந்தப் பக்கத்துல ஒரே ஒரு பதில்தான் படிப்பேன்னா இதப் படிங்க. ஆக்சிஜன் கூட நடக்குற அந்த வினைல சூடு வெளிய வரும். கதவுல மெல்லிசா பரவி இருக்கும்போது சூடு காத்துல போயிரும், தெரியாது. அதே எண்ணெய துடைச்ச பனியன் வேஸ்ட்ட கசக்கி மூலைல குமிச்சுப் போட்டா, நூலுக்கு நூல் எண்ணெய் மெல்லிசா படிஞ்சு காத்து படுற பரப்பு பல மடங்காகுது, சூடு வெளிய போக வழியில்ல. சூடு ஏறுனா வினை வேகமாகும், வேகமானா இன்னும் சூடு. தீப்பொறி இல்லாம, சிகரெட் இல்லாம, சில மணி நேரத்துல பஞ்சு கருகிப் புகைஞ்சு பத்திக்கும். பாயில்டு ஆயில்ல டிரையர் இருக்குறதால ஆபத்து இன்னும் ஜாஸ்தி. நம்மூர்ச் சித்திரைல பட்டறையே நாப்பது டிகிரில இருக்கும், அதயும் கூட்டிக்கங்க.

அமெரிக்காவுல பிலடெல்பியாவுல 38 மாடி ஒன் மெரிடியன் பிளாசா கட்டடம், 1991 பிப்ரவரி 23 ராத்திரி. 22வது மாடில மரவேலைக்கு லின்சீட் போட்டுத் துடைச்ச துணிகள அங்கயே விட்டுட்டுப் போயிருந்தாங்க. தீ விடிய விடிய எரிஞ்சு, மூணு தீயணைப்பு வீரர்கள் செத்துப்போனாங்க. கட்டடத்த அதுக்கப்புறம் யாரும் பயன்படுத்த முடியல, கடைசில இடிச்சே போட்டாங்க.

வேலை முடிஞ்சதும் துணி ஒவ்வொண்ணயும் விரிச்சு, வெளிய கம்பிலயோ சிமெண்டுத் தரையிலயோ ஒண்ணு மேல ஒண்ணு படாம காயப் போடுங்க. அட்டை மாதிரி வெறைப்பா ஆனதும் தூக்கிப் போடலாம். முடியலைன்னா தண்ணி ரொப்புன இரும்பு வாளில முக்கி மூடி வைங்க. உப்புத்தாள் போட்டுத் தேச்ச எண்ணெய்த் தூளுக்கும் இதே கதைதான். வேலைக்கு வர்ற பையன்களுக்கு மொத நாளே இதச் சொல்லிக் குடுங்க, பிரஷ் புடிக்குறத அடுத்து சொல்லிக்கலாம்.

காரைக்குடிப் பக்கத்துலருந்து பழைய கதவு வாங்குனேன், பழைய பெயின்ட உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா?

காய்ஞ்சபடியே தேய்க்காதீங்க. பழைய எண்ணெய்ப் பெயின்ட்ல வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் ஈயம், டிரையராவும் ஈயம். தேச்சா அந்தத் தூள் மூச்சுலயும் சோத்துலயும் போகும், கொழந்தைங்க மூளைய அது பாதிக்கும். வீட்டுப் பெயின்ட்ல ஈயம் பத்து லட்சத்துல 90 பங்குக்கு மேல இருக்கக் கூடாதுன்னு நம்ம நாட்டுல 2016ல விதி போட்டாங்க, 2017 நவம்பர்ல அமலுக்கு வந்துச்சு. அதுக்கு முந்தின பெயின்ட் எதையும் ஈயம் இருக்குன்னே நெனச்சு வேலை பாருங்க. ரிமூவர் போட்டு ஊற வெச்சு ஈரமா சொரண்டுங்க, மாஸ்க் போட்டுக்கங்க, கொழந்தைங்கள அந்தப் பக்கம் விடாதீங்க, சொரண்டுனத அள்ளிக் கட்டி வைங்க.

அந்த ரிமூவர் வேலைக்கு சில பேர் காஸ்டிக் சோடா போடுறாங்க, காஞ்சா கரையாதுன்னீங்க, சோடாவுல மட்டும் எப்படிக் கரையுது?

நல்ல கேள்வி. ஆக்சிஜன் போட்ட பாலத்த சோடா ஒண்ணும் பண்றதில்ல. கிளிசராலும் கொழுப்பு அமிலமும் சேர்ந்திருக்குற எஸ்டர் பிணைப்பு காஞ்சப்புறமும் அப்படியே இருக்கு, காரம் பட்டா அது அறுந்து சோப்பாயிரும். அதான் வழவழன்னு கழண்டு வருது. தேக்குக்கு இது ஆகாது, மரம் கருத்துப்போகும், அதுனால நாங்க போடுறதில்ல.

புதுச் சுவத்துல எனாமல் அடிச்சோம், ஒரே மழைல பொம்மிக்கிட்டு, கை வெச்சா வழவழங்குது. பெயின்ட் டூப்ளிகேட்டா?

பெயின்ட் மேல பழி போட வேண்டாம், மேல உள்ள பதில்தான் இங்கயும். புதுச் சிமெண்டும் சுண்ணாம்புப் பூச்சும் கடுமையான காரம். ஈரம் உள்ள இருக்குற வரைக்கும் அந்தக் காரம் பிலிம் அடிக்கு வந்து எஸ்டர அறுத்துக்கிட்டே இருக்கும். நீங்க கைல தொட்ட வழவழப்பு சோப்புதான்.

சொரண்டி எடுத்துட்டு சுவத்த நல்லா காய விடுங்க, புதுப் பூச்சுன்னா ஒரு கோடை தாண்டட்டும். ஒரு பாலிதீன் தாள நாலு பக்கமும் டேப் போட்டு சுவத்துல ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்க, உள்பக்கம் வேர்த்திருந்தா இன்னும் ஈரம் இருக்கு. காஞ்சதும் காரம் தாங்குற பிரைமர் ஒரு கோட்டு, அதுக்கு மேல எனாமல். இல்ல, உடனே அடிச்சே ஆகணும்னா எஸ்டர் எண்ணெய் இல்லாத தண்ணிப் பெயின்ட்டா வாங்கிக்கங்க, எமல்ஷன் போதும்.